கோடிட்ட இடம்

பொட்டு மாற்றும் நாளில் சர்வேஷ் காப்பிக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, வலது காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய பொட்டை உரித்தெடுப்பார். புதியதை அதே இடத்தில் வைத்து அழுத்துவார். இருபது வரை எண்ணிய பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் தலை சுற்றும் என்று பெட்டியின் மேலேயே சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். அடுத்தது இடது காது. அதை மாற்றி முடிக்கும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது.

எண்ணி முடித்ததும் தலைக்குள் ஒரு பெண்குரல் கேட்கும். “பார்வை தொண்ணூற்றெட்டு. செவி தொண்ணூற்றாறு. இந்த நாள் தெளிவாக அமையட்டும்.”

அரசு ஏடுகளில் அதன் பெயர் புலன்துணை. கரூரில் எல்லோருக்கும் அது பொட்டுதான். அறுபதைத் தாண்டியும் வேலையில் இருக்க விரும்புகிறவர்கள் அதைக் கட்டாயம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. முகத்தில் கேமராவோடு நடமாடுவதை அந்தரங்கச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது. கண்ணும் காதும் நரம்பு வழியே அனுப்புவதை வாங்கி, தெளிவாக்கி, மூளைக்குக் கொடுப்பது மட்டுமே பொட்டின் வேலை என்றார்கள். மதிப்பெண் எண்பதுக்குக் கீழே இறங்கினால் வேலை போய்விடும். அப்படி யாருக்கும் இறங்கியதாக சர்வேஷ் கேள்விப்பட்டதில்லை.

அவர் மனைவி மிருதுளாவுக்குப் பொட்டு கிடையாது. பள்ளி நூலகராக இருந்து ஐம்பத்தெட்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டாள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்க மாட்டாள். வருஷம் தவறாமல் கண் டாக்டரிடம் போய், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் கண் கூசியபடி வீட்டில் கிடப்பாள். “நீங்களும் ஒருக்கா வாங்களேன்” என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாள். “எனக்குத்தான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மார்க் போட்டுக் குடுக்குதே” என்பார் சர்வேஷ். இருபது வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவர் அவர். காதில் செருகிக்கொள்ளக் கொடுத்த ரப்பர் அடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டே அத்தனை வருஷத்தையும் ஓட்டியவர்.

அன்றைக்குப் புதுப் பொட்டோடு கூடத்துக்கு வந்தபோது, கடைக்கண்ணில் ஒரு பெண் தென்பட்டாள். அடுப்படியில், ஒடுங்கிய கன்னமும் தூக்கிய தோள் எலும்புமாக, யாரோ நோயாளி. திடுக்கிட்டுத் திரும்பினார். மிருதுளாதான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் நிறைந்த முகம்.

“யாராச்சும் வந்திருக்காங்களா?”

“இல்லீங்களே. ஏன்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டம்ளரை நீட்டினாள். அண்மைக் காலமாக அவள் இப்படித்தான் பார்க்கிறாள். எதையோ எதிர்பார்ப்பது போல. கை உயர்ந்தபோது வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்தன.

“புது வளையலா?”

“பழசுதான்” என்று சொல்லிவிட்டு மிருதுளா உள்ளே போய்விட்டாள்.

*

சர்வேஷ் வேலை பார்த்த ஆலை படுக்கை விரிப்புகளை ஏற்றுமதி செய்தது. துணியைச் சோதிக்க எந்திரங்கள் மலிந்துகிடந்த காலம் அது. அதனாலேயே மனிதர் கண்ணால் பார்த்து அனுப்பிய துணிக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு. அந்த விரிப்புகளுக்கு ஓரத்தில் ஒரு முத்திரை உண்டு. தொழிலாளர்கள் அதைக் ‘கண்பட்ட துணி’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். சோதனை மேசையின் கண்ணாடிப் பரப்புக்கு அடியில் விளக்கு எரியும். மேலே துணி ஓடும். நூல் அறுந்திருந்தால், குறுக்கே ஓடும் ஊடை விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று குத்தும். சர்வேஷ் நான்கு வருஷமாக ஒரு குறையையும் தவறவிட்டதில்லை என்று பெயர் வாங்கியிருந்தார்.

அன்று காலை மேற்பார்வையாளர் தீபன் அவரைத் தனியாக அழைத்தான். மேசைமேல் ஒரு ரோல் கிடந்தது.

“ஓட்டைன்னு திரும்பி வந்திருக்குதுங்ண்ணா. உங்க முத்திரை. தொட்டுப் பாருங்க.”

சர்வேஷ் குனிந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் நெருக்கமான நெசவு, மாசு மருவில்லாமல் இருந்தது. கையை வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். தன்னை ஏதோ சோதிக்கிறான் என்று பட்டது.

“நல்ல துணியக் காட்டி என்ன தீபா விளையாட்டு?”

தீபன் ரோலைச் சுருட்டிக்கொண்டான். “இது மூணாவது. முதலாளி காதுக்குப் போகாம நானே வச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னான்.

அன்று முழுக்க சர்வேஷுக்கு வேலை ஓடவில்லை. அவர் கையிலிருந்து துணி பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவள் ஜாஸ்மின். நாற்பது வயது, கறாரான பேச்சு. அவள்தான் முத்திரை விழுந்த பிறகு ரோலை மாற்றுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு எல்லாமே அதற்கு ஒத்துப்போயின. அவர் அந்தப் பக்கம் போனால் அவள் பேச்சை நிறுத்துவதும், அவர் மேசையை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும். அடுத்த நாளிலிருந்து, தான் முத்திரை போட்ட ஒவ்வொரு ரோலின் உள்முனையிலும் ஒரு நீல நூலை முடிந்துவைத்தார். மாற்றினால் நூல் இருக்காது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மேசையில் துணி ஓடும்போது சில நேரம் ஓரத்தில் வெளிச்சம் மின்னுவது போலிருக்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. விளக்கைச் சரிபார்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தார்.

*

வீட்டிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. மிருதுளா செவ்வாயும் வெள்ளியும் குளித்தலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போவாள். அக்காவுக்கு இதயம் பலவீனம். துணைக்குப் போகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அக்காவே போனில் கூப்பிட்டாள்.

“என்ன மாப்பிள்ளை, எங்களையெல்லாம் மறந்தாச்சா? மிருது இந்தப் பக்கம் வந்து நாலு மாசமாச்சு. போன் போட்டாலும் எடுக்கறதில்ல, எழுத்துலயே பதில் அனுப்பறா.”

சர்வேஷ் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நாற்பது வருஷத்தில் மிருதுளா அவரிடம் பொய் சொன்னதில்லை. அல்லது, சொல்லியிருந்தால் அவர் கண்டுபிடித்ததில்லை. சாயங்காலம் அவள் எதிர்வீட்டுக் கீர்த்தனாவின் காரில் வந்து இறங்கினாள். கீர்த்தனா அவள் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள். வாசலில் நின்ற சர்வேஷைப் பார்த்து, “மிருதுளாக்காவைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்கண்ணா” என்றாள். குரலில் மரியாதை இருந்தது. மரியாதைக்குக் கீழே வேறொன்றும் இருந்தது, வெறுப்பைப் போல.

“அக்கா சௌக்கியமா?” என்று கேட்டார் மிருதுளாவிடம். வேண்டுமென்றே கேட்டார்.

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். “எந்த அக்கா?” என்றாள். பிறகு கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள். பிடிபட்டவளின் பதற்றம் அவளிடம் இல்லை. களைப்புதான் இருந்தது. அது அவரை இன்னும் குழப்பியது. எதிர்வீடு வரைக்கும் தெரிந்த, தனக்கு மட்டும் தெரியாத ரகசியம் ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது.

*

அடுத்த வாரம் நான்காவது ரோல் திரும்பி வந்தது. தீபன் வாயைத் திறக்கும் முன்பே சர்வேஷ் அதைப் பிடுங்கி முழுவதும் பிரித்தார். உள்முனையில் நீல நூல் இருந்தது. அவர் போட்ட அதே முடிச்சு. அப்படியானால் ரோலை மாற்றவில்லை, அதிலேயே ஓட்டை போடுகிறாள்.

அந்த ரோலைத் தூக்கிக்கொண்டு பொட்டலப் பிரிவுக்குப் போனார். ஜாஸ்மின் கத்தரியை வைத்துவிட்டு எழுந்தாள்.

“நீதான் ஓட்டை போடற. எனக்கு எல்லாம் தெரியும். எதுக்குன்னு மட்டும் சொல்லிரு.”

“நான் எதுக்குங்ண்ணா ஓட்டை போடணும்?”

“அப்ப ஓட்டை எங்கிருந்து வருது?”

ஜாஸ்மின் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் கோபப்படவில்லை. கழிவுத்துணி ஒன்றை எடுத்து, நடுவில் கத்தரியால் வட்டமாக வெட்டி, இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

“இதுல ஓட்டை எங்கிருக்குதுன்னு காட்டுங்க.”

“இதுல எங்க இருக்குது? முழுத்துணி.”

“நல்லாப் பாருங்க.”

“அதான் பாக்கறேனே.”

அவள் அவர் கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலைத் துணியின் நடுவே கொண்டுபோனாள். விரல் எதிலும் படவில்லை. சர்வேஷ் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் துணிக்குள் போய்க்கொண்டிருந்தது, தண்ணீருக்குள் போவதைப் போல. துணியோ ஒரு நூல்கூட விலகாமல் அப்படியே இருந்தது. மறுபக்கத்தில் ஜாஸ்மினின் உள்ளங்கை அவர் விரல்நுனியில் பட்டது.

“உங்களுக்குத் தெரியறதில்லைன்னு ரெண்டு மாசமா எனக்குச் சந்தேகம். அதான் உங்க மேசையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “கையில மாட்டினதையெல்லாம் நான் ஒதுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த நாலும் தப்பிப் போயிருச்சு. வெளியில சொன்னா உங்க வேலை போயிரும்னு சொல்லலை.”

சர்வேஷ் விரலை உருவிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பொட்டு வேறு எதையெல்லாம் மறைத்திருக்கிறது என்ற கேள்வி அதற்குள் அவரை முந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார். ஓட்டுநருக்கு எழுபது வயதிருக்கும். காதுக்குப் பின்னால் பொட்டு. பாதை காலியாகத் தெரிவதால்தானே இவ்வளவு வேகமாகப் போகிறார் என்று நினைத்ததும் சர்வேஷ் முன்சீட்டின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். கடைவீதியில் நடந்த முதியவர்கள் ஒவ்வொருவரின் காதையும் பார்த்தார். பழம் நிறுக்கிறவர், சாலையைக் கடக்கிறவர், பேத்தியின் கன்னத்தைக் கிள்ளுகிறவர். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

*

மிருதுளா சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில், சன்னல் திறந்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். வகிடும் கன்னமும், தாடையின் கீழே சிறு மச்சமும் அப்படியே இருந்தன. நான்கு வருஷத்துக்கு முன், அவர் பொட்டு ஒட்டத் தொடங்கிய சமயத்தில் எடுத்த புகைப்படத்தில் அவள் இப்படித்தான் இருந்தாள். ஒரு சுருக்கம்கூடக் கூடவில்லை. அதை அவர் இதுவரை யோசித்ததே இல்லை.

கண்களை மூடாமலே பொட்டை உரித்தார். பிறகு இடது காதிலும் உரித்தார்.

அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை நின்றது. எங்கே பார்த்தாலும் கறையும் கூடவே வந்தது. உலகம் பஞ்சு அடைத்தாற்போல் அமுங்கிப்போனது. தலை சுற்றவில்லை. பெட்டியில் போட்டிருந்தது பொய். பார்வையைச் சன்னலுக்கு நகர்த்தியபோது, கறையும் சன்னலுக்கு நகர்ந்து, ஓரத்தில் மிருதுளா தெரிந்தாள். அன்று அடுப்படியில் நின்ற பெண். ஒடுங்கிய கன்னம், கழுத்துத் துண்டுக்கு மேலே கறுத்துப்போன தோல்.

அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் நின்று மறுபடி சொன்னாள். கேட்டது ஒரு பெண்குரலே இல்லை. மரத்தை மரத்தால் தேய்க்கிற சத்தம்.

“என்னாச்சுங்க?”

“உன் குரலுக்கு என்னாச்சு?” என்றார் அவர்.

மிருதுளா நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் காதருகே உட்கார்ந்தாள். அவள் மூச்சு வாங்குவது தோளில் தெரிந்தது.

“இப்பத்தான் கேக்கறீங்க.”

“எனக்குத் தெரியாது மிருது.”

“தை மாசம் உங்ககிட்டத்தானே மொதல்ல சொன்னேன், குரல் கட்டிக்கிச்சுன்னு. நல்லாத்தானே இருக்குது, நீயா நெனச்சுக்காதேன்னீங்க. அப்புறம் டாக்டர் தொண்டையில கட்டின்னு சொன்ன அன்னிக்கும் சொன்னேன். டிவி பாத்துக்கிட்டே சரி சரின்னு தலையாட்டினீங்க. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போறேன். சரி போயிட்டு வா, அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்கறீங்க.”

“நீ அக்கா வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னே.”

“ஆஸ்பத்திரின்னு சொன்னேன்.”

சர்வேஷ் மேசைமேல் கிடந்த இரண்டு பொட்டுகளையும் பார்க்க முயன்றார். கறைதான் தெரிந்தது.

“எட்டு கிலோ எறங்கிட்டேன்” என்றாள் அவள். “தினமும் எதிர்ல உக்காந்து சோறு போட்டேன். என்னைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டீங்க. தெரிஞ்சே கேக்க மாட்டேங்கறார், இனி இவருக்கு நான் வேண்டாம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். கீர்த்தனாகிட்டக்கூட அப்படித்தான் சொன்னேன்.”

அவர் கையை நீட்டினார். எங்கே அவள் முகம் என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கன்னத்து எலும்பு கையில் பட்டதும் அழுதுவிட்டார். அவள் அவர் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீரைத்தட்டை நகர்த்திவைத்துவிட்டு, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

*

சேவை மையத்தில் சர்வேஷின் காதருகே குனிந்து உரக்கப் பேசிய இளைஞன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை.

“கண் அனுப்பாத இடத்தைச் சுத்தியிருக்கறதை வச்சு நிரப்பும் சார். பள்ளிக்கூடத்துல கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு வருமே, அந்த மாதிரி. துணின்னா துணி, சுவர்னா சுவர். தெரிஞ்ச முகம்னா முதல் மாசம் பதிவான முகம். காதுக்கும் அதே. பாதி கேட்ட சொல்லை, நீங்க வழக்கமாக் கேக்கற சொல்லா முடிச்சுக் குடுக்கும். ஒப்பந்தத்துல நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கு.”

“மார்க்?”

“அது கண்ணுக்கு இல்லை சார். பொட்டு குடுக்கற படம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு பொட்டே போட்டுக்கறது.”

மிருதுளா போகும் கண் டாக்டர், சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் பார்த்தார். பார்வையின் நடுப்பகுதியில் தழும்பு விழுந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும் என்றார். கோடுகள் வளைந்து தெரியத் தொடங்கியபோதே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். பொட்டு அந்தக் கோடுகளை நேராக்கிக் காட்டியிருக்கிறது. காது தறிச்சத்தத்தில் போனது, அது திரும்பாது. ஓரப் பார்வை மிச்சமிருக்கிறது, அதைக் காப்பாற்றலாம் என்றார்.

சர்வேஷ் வேலையை விட்டார். விடும் முன் ஜாஸ்மினிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அறுபது தாண்டிய மற்ற சோதனையாளர்கள் ஐந்து பேரிடமும் ஓட்டைத் துணியைப் பிடித்துக் காட்டினார். இரண்டு பேர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் போனார்கள். மற்ற மூவரும் பக்கத்திலேயே வரவில்லை. “எனக்குத் தொண்ணூத்தேழு வருது, நான் எதுக்குப் பாக்கணும்” என்றார் ஒருவர். அவர் மனைவி போன வருஷம் விழுந்து இடுப்பு உடைந்தவர். வீட்டில் அந்தம்மாள் இப்போதும் நிமிர்ந்து நடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் மிருதுளாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு குரல்வளையின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டார்கள். அறுவை செய்தவரின் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சர்வேஷ் முன்கூட்டியே விசாரித்திருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. உயிருக்கு இனிப் பயமில்லை என்றார்கள். ஆனால் குரல் திரும்ப வராது. மூச்சுக்காற்றில் பேசலாம்; அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவள் பேச முயலவே இல்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாள். எட்டாம் நாள் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, அவர் ஓரப் பார்வையில் படும்படி பிடித்தாள். ‘பொட்டை ஒட்டிக்கோங்க. நீங்களாவது என்னைப் பழையபடி பாருங்க. பழைய குரலைக் கேளுங்க.’

அவர் எழுத்து எழுத்தாகப் படித்து முடிக்க நேரமானது.

“அதுல நீ இருக்க மாட்டே” என்றார்.

அவள் பலகையைக் கவிழ்த்துவைத்தாள். வெகுநேரம் கழித்து அவர் பக்கம் சாய்ந்து, காதோடு வாயை வைத்து, முதல்முறையாக எதையோ சொன்னாள். காற்றும் அதில் ஓரிரு எழுத்துகளும்தான். ‘தண்ணி’யாக இருக்கலாம். ‘தனியா’வாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான்கு வருஷமாக அப்படித்தான் போயிருந்தது.

சர்வேஷ் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“கேக்கலை மிருது” என்றார். “இன்னொருக்கா சொல்லு.”

அவள் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை.

“இன்னொருக்கா.”